பச்சைப் பட்டை எதுவரை செல்லும்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரப் பயிற்சி வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “சார், நம்ம பூங்கா ஓட்டல்ல தங்கியிருக்கிற கெஸ்ட், திருவான்மியூர் ரிசார்ட்டுக்கு வந்து அங்க இருக்கிற வசதியெல்லாம் பயன்படுத்தலாமா?” நான் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு தடவையும் குடித்தேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் தப்பித்தேன். ஓய்வு பெற்றவனை மரியாதையாகக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, இப்படியா கேட்பது?

எழுத்திலாவது பதில் சொல்லலாமென்று உட்கார்ந்திருக்கிறேன். பதில் இதுதான்: எனக்குத் தெரியாது. வேலை பார்த்த காலத்திலும் தெரியாது. எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியாது. அவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, நான் ஒப்புக்கொள்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் குழுமத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராட்டினமும் நீர்ச்சறுக்கும் கொண்ட பெரிய கேளிக்கைப் பூங்கா. அந்த மதிலுக்குள்ளேயே ஓர் ஓட்டல். அங்கே தங்குகிறவர்களுக்குக் கையில் பச்சைப் பட்டை கட்டுவார்கள். திருவான்மியூரில் கடலைப் பார்த்தபடி இருப்பது எங்கள் ரிசார்ட். இங்கே நீலப் பட்டை. இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான், ஆனால் இரண்டு நிர்வாகமும் பங்காளிகள் மாதிரி. விளம்பரத் தாளில் ‘எங்கள் அனைத்து வசதிகளும் உங்களுக்கே’ என்று போட்டிருக்கும். அந்த ‘உங்களுக்கே’ யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள். சாப்பிடலாம், குளிக்கக் கூடாது என்பார் ஒருவர். குளிக்கலாம், துண்டு தரக் கூடாது என்பார் இன்னொருவர். துண்டில்லாமல் குளித்தவர் எப்படி வீட்டுக்குப் போவார் என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

நான் அப்போது ரிசார்ட்டில் டியூட்டி மேனேஜர். யாருக்கும் பதில் தெரியாத கேள்வியெல்லாம் கடைசியில் வந்து விழுகிற இடத்துக்கு அந்தப் பெயர்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா ராமசேஷன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண், பெயர் வைஷ்ணவி. பிள்ளை வீட்டார் மும்பை. மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட்டார். அவரை எடுத்து வளர்த்தவர் அப்பாவின் தங்கை மங்களம் மாமி. ஆகவே அந்தக் கல்யாணத்தில் மாமியார் ஸ்தானம் அவருக்குத்தான். எங்களிடம் அறைகள் போதவில்லை. பெண் வீட்டார் எங்கள் ரிசார்ட்டில் நீலப் பட்டையோடும், பிள்ளை வீட்டார் பூங்கா ஓட்டலில் பச்சைப் பட்டையோடும் தங்குவதாக ஏற்பாடு. குழந்தைகள் பூங்காவில் விளையாடலாம் என்று ஆசை காட்டி இதை முடித்தவர் எங்கள் சேல்ஸ் மேனேஜர். நிச்சயதார்த்தம் முதல் நாள் சாயங்காலம், முகூர்த்தம் மறுநாள் காலை, இரண்டும் எங்கள் புல்வெளியில்.

முதல் நாள் மத்தியானமே பிள்ளை வீட்டார் பூங்கா ஓட்டலிலிருந்து பஸ்ஸில் எங்களிடம் வந்து இறங்கிவிட்டார்கள். சாயங்காலம்வரை பொழுது போக வேண்டுமே, ரிசார்ட்டைச் சுற்றிப் பார்த்தபடி நீச்சல் குளத்துப் பக்கம் போயிருக்கிறார்கள். குளத்தில் பெண் வீட்டுக் குழந்தைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. வாசலில் கட்டியிருந்த கயிற்றருகே காவலுக்கு நின்றவர் செல்வி. கண்ணகி நகரிலிருந்து வருவார். ஆணை என்றால் ஆணை, அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரமாட்டார். பச்சைப் பட்டையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“சார், பச்சை பேண்டுக்காரங்க நின்னுக்கினு கீறாங்க. வுடவா, வாணாமா? அந்தம்மா ஒரே சத்தம் சார்.”

“யாரும்மா அவங்க?”

“மாப்ள வூட்டுக்காரங்களாம். அத்த எதுக்கு சார் என் கைல சொல்றாங்க? எனிக்கு பேண்டு தான தெரியும்.”

நான் ஓடினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பெண் வீடு தண்ணீரில், இந்தப் பக்கம் பிள்ளை வீடு வெயிலில். இதைவிட மோசமான ஒரு காட்சியை வேண்டுமென்றே அமைக்க நினைத்தாலும் முடியாது. கல்யாணத்தில் பந்தியானாலும் சந்தனமானாலும் பிள்ளை வீட்டாருக்குப் பிறகுதான் பெண் வீட்டார் என்பது எழுதாத சட்டம். சரியா தப்பா என்பது வேறு பேச்சு. அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேரும் அந்தச் சட்டத்தில் வளர்ந்தவர்கள்.

மங்களம் மாமி என்னைப் பார்த்தார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நாங்க என்ன வேடிக்கை பாக்க வந்தவாளா? பொண்ணாத்துக்காரா குளிப்பா, பிள்ளையாத்துக்காரா கயித்தைப் பிடிச்சுண்டு நிக்கணும். இதுதான் உங்க ஓட்டல்ல மொறையா?”

“ஒரு நிமிஷம் மாமி, கேட்டுச் சொல்றேன்.”

“கேளுங்கோ. நான் இங்கயே நின்னுண்டிருக்கேன்.”

ராமசேஷன் எங்கிருந்தோ மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என்னைத் தனியாக இழுத்துப்போய், “சார், தயவுபண்ணுங்கோ. இந்த மாமி முகம் சுளிச்சான்னா இன்னியோட போகாது. என் பொண்ணு ஆயுசு பூராக் கேட்டுண்டிருக்கணும். உங்களுக்குக் குளம், எனக்கு அவளோட வாழ்க்கை” என்றார்.

நான் சேல்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டேன். “எல்லாம் உண்டு சார், நான்தான் வாக்குக் கொடுத்திருக்கேனே” என்றார். எந்த விதிப்படி என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. பூங்கா ஓட்டலைக் கூப்பிட்டேன். “எங்க கெஸ்ட் உங்ககிட்ட வரலாம் சார், உங்க கெஸ்ட்தான் எங்ககிட்ட வரக் கூடாது” என்றார்கள். அதே ஓட்டலில் வேறொருவரிடம் கேட்டேன், அப்படியே தலைகீழாகச் சொன்னார். கடைசியாக எங்கள் ஜெனரல் மேனேஜர். பெரிய மனிதர், இந்தத் தொழிலில் என்னை ஆளாக்கியவர், பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரிசார்ட் ஃபுல்லா இல்லைன்னா அலவ் பண்ணலாம்” என்றார்.

“ஃபுல்லா இருக்கு சார். இந்தக் கல்யாணத்தாலதான் ஃபுல்லு.”

“அப்படின்னா கூடாது.”

“ஆனா சார், அவங்களும் இந்தக் கல்யாணம்தானே?”

“பாத்துச் செய்யுங்க” என்றார்.

இந்த வார்த்தையை நீங்கள் இனிமேல் நிறையக் கேட்பீர்கள். மேலேயிருந்து வரும் ஆணைகளில் முக்கால்வாசி இதுதான். நன்றாக முடிந்தால் அவர் சொன்னபடி செய்தீர்கள். கெட்டுப்போனால் நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் குழப்பம்தான், பதவி பெரியதென்பதால் குழப்பத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு யோசித்தேன். இவர்கள் சாப்பிடுவது எங்களிடம், கல்யாணம் எங்களிடம், கோபப்படுவதும் எங்களிடம். தூங்குவது மட்டும் அங்கே. அப்படியானால் இவர்கள் யாருடைய விருந்தாளிகள்? எங்கே தலை சாய்க்கிறார்களோ அங்கேயா, எங்கே கை நனைக்கிறார்களோ அங்கேயா? மண்டை காய்ந்ததுதான் மிச்சம். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. குளத்துக்கு இருப்பது ஒரே உயிர்க்காவலர். இரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் இறங்கினால் அவரால் சமாளிக்க முடியாது. ஆக, யாராவது ஏற வேண்டும், யாராவது இறங்க வேண்டும்.

அதை ராமசேஷனிடம் சொன்னேன். நான் முடிப்பதற்குள் அவரே குளத்தருகே போய், “எல்லாரும் ஏறுங்கோடா, போதும்” என்று சத்தம் போட்டார். பெண்ணின் தாய்மாமா விடவில்லை. “ஏன் ஏறணும்? நீலம் நம்மோடது. இது நம்ம ஓட்டல்!” என்று வரிந்துகட்டினார். ஓட்டல் விதிப்படி அவர் பேசியது நியாயம். கல்யாண விதிப்படி அது பெரும் பிழை. நான் கல்யாண விதியின் பக்கம் நின்றேன். குழந்தைகள் சொட்டச் சொட்ட ஏறின. மாமா முறைத்துக்கொண்டு போய்விட்டார். நான் செல்வியிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன்.

“ரைட்டா சார்? அப்பால எம்மேல வராதே?”

“வராது. நான் சொன்னேன்னு சொல்லு.”

“வாங்க மாமி, குளம் உங்களுக்குத்தான்” என்றேன், ஏதோ பட்டாபிஷேகம் செய்து வைப்பவன் போல.

மங்களம் மாமி உள்ளே வந்தார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து தண்ணீரை முகர்ந்து பார்த்தார். “மருந்து வாசனை தூக்கறதே” என்றார். பிறகு வெளியே போக நடந்தார்.

“குளிக்கலையா மாமி?”

“எனக்கு நீச்சல் தெரியாது. குளிக்கறேன்னு நான் எப்போ சொன்னேன்? போகலாமான்னுதானே கேட்டேன்.”

குழந்தைகளாவது இறங்குமென்று பார்த்தேன். காலையிலிருந்து பூங்காவில் தண்ணீரிலேயே ஊறியிருந்த அவற்றுக்குத் தண்ணீரைக் கண்டாலே வெறுத்திருந்தது. ஐஸ்கிரீம் வேண்டுமென்றன. அன்று சாயங்காலம்வரை அந்தக் குளத்தில் ஒரு ஜீவன் இறங்கவில்லை. நீலம் முறைத்துக்கொண்டிருந்தது, பச்சை ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. உயிர்க்காவலர் மட்டும் கொட்டாவி விட்டபடி காலியான தண்ணீரைக் காவல் காத்தார். நான் சரியாகத்தான் செய்தேனா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். ஐஸ்கிரீம் தின்று தெம்பு வந்த குழந்தைகள் பச்சை, நீலம் பார்க்காமல் ஒன்றாகிவிட்டன. எல்லாமாகச் சேர்ந்து மாடிக்கு ஏறி, கண்ணில் பட்ட அறைகளின் அழைப்பு மணியையெல்லாம் அழுத்திவிட்டு ஓடியிருக்கின்றன. கல்யாணத்துக்குச் சம்பந்தமில்லாத விருந்தினர் ஒருவர் லுங்கியோடு இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே கலங்கியிருந்தேனா, இனிமேல் குழப்பமே வேண்டாமென்று ஓர் ஆணை போட்டேன். பச்சைப் பட்டைக்குப் புல்வெளி உண்டு, சாப்பாட்டுக்கூடம் உண்டு, குளமும் உண்டு. அறைகள் இருக்கும் மாடி மட்டும் கிடையாது, யாராக இருந்தாலும். லிஃப்ட் வாசலுக்குச் செல்வியை மாற்றினேன். தெளிவான விதி போட்டாயிற்று என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நிச்சயதார்த்தம் நடந்தது, மறுநாள் முகூர்த்தமும் நடந்தது. மங்களம் மாமி சிரிக்கவில்லை, ஆனால் குறையும் சொல்லவில்லை. ராமசேஷன் மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். தாலி கட்டும் நேரத்தில்கூடப் பெண்ணைப் பார்த்தாரோ என்னவோ, மாமியைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்த பிறகு, புதுத் தம்பதிக்குப் பூங்கா ஓட்டலில் அறை போட்டிருந்ததால், அவர்கள் இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டாமென்று எங்கள் ரிசப்ஷனிலேயே பதிவை மாற்றிக் கொடுத்தோம். வைஷ்ணவியின் பெயர் அப்பாவின் அறையிலிருந்து எடுக்கப்பட்டு மாப்பிள்ளையின் அறையில் சேர்ந்தது. பெயர் மாறினால் பட்டையும் மாற வேண்டும். ரிசப்ஷன் பெண் சிரித்துக்கொண்டே நீலத்தைக் கத்தரித்துவிட்டுப் பச்சையைக் கட்டி, “கங்கிராட்ஸ் மேடம்” என்றாள். எல்லாம் முறைப்படி நடந்தது. நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன்.

வைஷ்ணவி கூறைப்புடவையும் மாலையுமாக லிஃப்ட்டை நோக்கி நடந்தாள். அம்மா மேலே அறையில் தலைவலியோடு படுத்திருந்தார். செல்வி கையை நீட்டினார்.

“மேல போவக் கூடாதும்மா. பச்சை பேண்டு.”

“எங்கம்மா ரூமுக்குப் போறேன்.”

“தெரியும் கண்ணு. காத்தால நீ நீலம் போட்டுக்கினு இருந்த, வுட்டேன். இப்ப பச்சை. யாரா இருந்தாலும் வாணாம்னு சார் சொல்லிக்கீறாரு.”

வைஷ்ணவி எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது. அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு லிஃப்ட் கதவைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. காலையில் தாலி கட்டும்போது அழாத பெண்.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். ‘விடு செல்வி’ என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியவன், வாயடைத்து நின்றேன். ஏனென்றால் அந்தப் பக்கமிருந்து மங்களம் மாமி வந்துகொண்டிருந்தார்; அவரெதிரே பெண் வீட்டுக்காக விதியைத் தளர்த்த எனக்குத் தைரியமில்லை. இந்தப் பக்கம் ராமசேஷன். அவரும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஓடிவந்து மகளின் தோளைத் தொட்டு, மாமிக்குக் கேட்கும்படி, “பரவாயில்லைம்மா. அம்மாவைக் கீழ வரச் சொல்றேன். இனிமே நீ அவாளோட இருக்கறவ, இல்லையா? அதான் மொறை” என்றார். இன்னொரு சண்டை வந்து, அது தன் பெண்ணின் தலையில் விடியக் கூடாதென்கிற பயம் அவருக்கு.

மாமி வந்து சேர்ந்தார். “என்ன, ஏன் அழறா?”

“ஒண்ணுமில்லை, சும்மா…” என்று இழுத்தார் ராமசேஷன்.

“உங்களைக் கேக்கலை. நீ சொல்லும்மா” என்றார் மாமி செல்வியிடம்.

செல்வி சொன்னார். மாமி என் பக்கம் திரும்பினார்.

“ஏன்யா, நேத்திக்கு எங்களைக் குளத்துல விடலை. இன்னிக்கு இவளைப் பெத்தவாகிட்ட விடலை. உங்க ஓட்டல்ல யாரைத்தான் எங்கதான் விடுவேள்?”

“மாமி, குழந்தைங்க ஓடுறாங்கன்னு ஒரு ரூல்…”

“ரூல் இருக்கட்டும். இவ அம்மா ரூமுக்குப் போறதுக்கு இவ யாரைக் கேக்கணும்? உங்களையா? என்னையா?”

மாமி என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வைஷ்ணவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பம்பாய்க்கு வாக்கப்பட்டுப் போனவடி. பொறந்தாத்துக்கு வரணும்னா ஒவ்வொரு தடவையும் நாலு பேர்ட்ட கேட்டுண்டுதான் வருவேன். எங்கப்பா போனப்போகூடக் கேட்டுண்டு வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுத்து. நீ யாரையும் கேக்க வேண்டாம். இங்கேயும் சரி, பம்பாய்லேயும் சரி. போ, அம்மாகிட்டப் போய்ப் படுத்துக்கோ. பஸ்ஸை நான் நிறுத்தி வெக்கறேன்.”

செல்வி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேனா என்றுகூட நினைவில்லை. கை இறங்கியது, வைஷ்ணவி லிஃப்ட்டுக்குள் போனாள். “எனிக்கு இன்னா சார் தெரியும், நீ சொன்னத்ததான நான் சொன்னேன்” என்று செல்வி முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. விதியைப் போட்டவன் நான், வசவு வாங்க அவரை நிறுத்தியிருந்தேன். அன்றிலிருந்து ‘யாராக இருந்தாலும்’ என்ற இரண்டு சொல்லை எந்த ஆணையிலும் நான் போட்டதில்லை. நீங்களும் போடாதீர்கள். வருகிறவர் யாரென்று போடும்போது தெரியாது.

மற்றபடி உங்கள் கேள்விக்குப் பதிலாக நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. பச்சை எதுவரை செல்லும், நீலம் எதுவரை செல்லும் என்று இன்றைக்குக் கேட்டாலும் திருதிருவென்றுதான் விழிப்பேன். ஆனால் அதற்கப்புறம் அங்கே நடந்ததைப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராமசேஷன் லாபி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் நின்ற கால். உடனே ஏதோ ஞாபகம் வந்தவராக எழுந்து, “மாமி, ஒக்காருங்கோ. காபி கொண்டுவரச் சொல்றேன்” என்று பரபரத்தார். பிள்ளை வீட்டாருக்கு வேளாவேளைக்குக் காபி பார்த்துப் பார்த்துக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவரின் வேலை. இரண்டு நாளாக அவர் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

மாமி அவரைக் கையமர்த்திவிட்டு, தானே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனார். இரண்டு கையிலும் டபராவும் டம்ளருமாகத் திரும்பி வந்தார். ராமசேஷன் பதறி எழுந்தார். “நீங்க போய் எனக்கு…”

“ஒக்காந்துண்டே குடிங்கோ, சம்பந்தி. நேத்திலேந்து நீங்க ஒரு வாய் காபி குடிச்சு நான் பாக்கலை.”

அவர் உட்கார்ந்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், எல்லோருக்கும் முன்னால் விசும்பி விசும்பி அழுதார். மாமி எதிரில் உட்கார்ந்து தன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.